அமிர்தநாயகத்தின் செம்மஞ்சள் கலிப்பர்

ஜக்கை ஏற்ற ஏற்றக் கார் மேலே போகவில்லை. ஜக்தான் மணலுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய் மணலின் குணம் அது. அமிர்தநாயகம் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் மணலை ஏசினார், பிறகு ஜக்கை ஏசினார், கடைசியில் ஜக்கைக் கண்டுபிடித்தவனை ஏசினார்.

குசினிப் பக்கமிருந்து எடித் ஒரு பழைய கதவுப் பலகையோடு வந்தாள்.

"இதை அடியில வையுங்கோ," என்றாள். "என்னத்துக்கு இப்ப சில்லைக் கழட்டுறியள்?"

"பிறேக் கலிப்பருக்குப் பெயின்ற் அடிக்கப்போறன். நாளைக்கு வாங்க வாற ஆக்களுக்கு வடிவாத் தெரியட்டும் எண்டுதான்."

எடித் அவரை ஒரு கணம் பார்த்தாள். "நல்லது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அமிர்தநாயகம் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். வடிவாவது மண்ணாவது. வாங்க வருகிறவர்கள் அந்தக் கலிப்பரைப் பார்த்ததும் வந்த வழியே ஓடவேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

விசயம் இதுதான். அவருடைய காருக்கு ஒரு வியாதி. பிறேக்கை மிதித்தால் போதும், பன்றியை அறுக்கிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் போடும். வருடக் கணக்காக எடித் அதைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருடக் கணக்காக இவரும் "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் கழுவுவதும் அதே நாளைக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்திப் போய்க் கோயில் வாசலில் காரை நிறுத்தியபோது, சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, "அமிர்தநாயகம் வந்திட்டார், இனி நாங்கள் தொடருவம்," என்றார். கோயில் முழுவதும் சிரித்தது. முன் வரிசையில் பாடகர் குழுவோடு நின்ற எடித் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே அவள் சொல்லிவிட்டாள். காரை விற்கப்போகிறாள். எருக்கலம்பிட்டியில் நசீறா என்று ஒருவர் கார் தேடுகிறாராம், சனிக்கிழமை வந்து பார்ப்பாராம்.

காரை வாங்கித் தந்தது சுவிஸில் இருக்கும் எடித்தின் தம்பி. பதிவும் அவள் பெயரில்தான். ஆகவே அமிர்தநாயகத்தால், விற்க விடமாட்டேன் என்று மார் தட்ட முடியாது. தட்டினால் மார்தான் நோகும்.

ஆனால் கார் போனால் அவர் என்ன ஆவார்? பேசாலை ஐஸ் தொழிற்சாலையில் நாள் முழுவதும் ஐஸ் கட்டிக்குக் கணக்கு எழுதுகிற ஒரு மனிதர். வீட்டில் உப்புக் கூடியதா குறைந்ததா என்றுகூட யாரும் அவரைக் கேட்பதில்லை. ஸ்டியரிங்கின் முன்னால் இருக்கும்போது மட்டும்தான் ஊர் அவரைத் தேடி வரும். "அமிர்தண்ணை, ஆஸ்பத்திரி மட்டும் ஒருக்கா," "அமிர்தண்ணை, கப்பலேந்தி மாதா கோயிலடி மட்டும் ஒருக்கா." அந்த ஒருக்காவுக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார். சொன்னால் வெட்கம், ஆனால் உண்மை.

கதவுப் பலகையின் தயவால் கார் உயர்ந்தது. முன் சில்லு கழன்றது. உள்ளே, சுழல்கிற இரும்புத் தட்டை இடுக்கிப் பிடித்துக்கொண்டு கலிப்பர் இருந்தது. அதாவது, இருக்கவேண்டிய இடத்தில் உப்பும் துருவும் சேறும் கலந்த ஒரு புற்று இருந்தது. அயலில் உள்ள சிங்கராசா தன் மீன்பிடிப் போட்டுக்கு அடித்து மிஞ்சிய செம்மஞ்சள் பெயின்ற் பேணியை இவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். நடுக்கடலில் நின்றாலும் கரைக்குத் தெரிகிற நிறம். அலோய் சில்லின் இடைவெளிகளுக்குள்ளால் அது பல்லைக் காட்டினால், மானமுள்ள எவரும் இந்தக் காரில் ஏறமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

தூரிகையைத் தோய்த்து ஒரு இழுப்பு இழுத்தார். பெயின்ற் சேற்றோடு சேர்ந்து கட்டியாய் உதிர்ந்து காலில் விழுந்தது.

எடித் கம்பித் தூரிகையும் பழைய பல் தூரிகையும் போத்தலில் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். கேட்காமலே கொண்டுவந்தாள். பாவம், காசு கூட வரும் என்று நினைக்கிறாளாக்கும் என்று அமிர்தநாயகம் அவளுக்காக இரக்கப்பட்டார்.

சுரண்டினார். சுரண்டச் சுரண்ட இரும்பு தெரிந்தது. தட்டுக்கும் அதன் பின்னாலிருந்த தகரத்துக்கும் நடுவே எதுவோ செருகிக் கிடந்தது. பல் தூரிகையின் காம்பை விட்டு நெம்பினார். டிக் என்று ஒரு சிப்பித் துண்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது. எப்போதோ மீன் இறக்கும் கரையில் காரை ஓட்டியபோது ஏறியிருக்கவேண்டும். தட்டில் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் கண்ணாடியாய் மினுங்கியது.

தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை.

அமிர்தநாயகத்துக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருடம் ஊரைக் கூட்டிய கீச்சு இந்தச் சிப்பிதான். அந்தக் கீச்சுதான் நாளைக்கு அவரைக் காப்பாற்ற இருந்த பெரிய ஆயுதம். அதை அவரே பிடுங்கிவிட்டார். பதறிப்போய்ச் சிப்பியைத் திரும்பவும் அதே இடத்தில் செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டினார். சிப்பி சுண்ணாம்புத் தூளாகிக் காற்றோடு போய்விட்டது.

சரி, நிறமாவது மிஞ்சட்டும் என்று இரண்டு முன் சில்லுக் கலிப்பர்களுக்கும் தாராளமாக அடித்தார். மற்றச் சில்லைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது பேணி உருளும் சத்தம் கேட்டது. மன்னார்க் கழுதைகளுக்கு ஓலைத்தொடுவாயில் அமிர்தநாயகத்தின் கார் நிழலைவிட நல்ல நிழல் கிடையாது. வழக்கமாய் அங்கே படுக்கும் கழுதை, தன் இடத்தில் கிடந்த பேணியை உதைத்துவிட்டு நின்றது. கார்க் கதவெல்லாம் செம்மஞ்சள்.

அதுவும் நல்லதற்குத்தான் என்று விட்டிருக்கலாம். ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, கை கேட்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். செம்மஞ்சளோடு அழுக்கும் போய், அடியிலிருந்து அசல் நீலம் வட்டமாய் மினுங்கியது.

வேலியோரம் வந்த சிங்கராசா நின்று பார்த்தார்.

"என்ன அமிர்தம், காருக்குத் தேமல் போட்டிட்டுதோ?"

ஒருவன் தன்னை ஏசினால் அமிர்தநாயகம் பொறுப்பார். காரை ஏசினால் பொறுக்கமாட்டார். சிங்கராசா போன கையோடு வாளியை எடுத்தார். எடித் கிணற்றில் அள்ளித் தந்தாள், சவர்க்காரமும் தந்தாள். பொழுது சாயும்போது கார் பெருநாள் சட்டை போட்ட பிள்ளையாய் நின்றது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே ஒரு வேதக்காரர் குரங்கு பிடிக்கப்போய் அது பிள்ளையாராகிவிட்டது.

மறுநாள் நசீறா தன் கூடப்பிறந்த நானா ஆதம்பாவாவோடு வந்தார். கணவர் வரவில்லையா என்று அமிர்தநாயகம் கேட்டார். அவருக்கு எதற்கும் நேரமில்லை என்றார் நசீறா. அடி ஓட்டையான போட் ஒன்று வருடக் கணக்காய்க் கரையில் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு அவரும் கரையில் கிடக்கிறார் என்று பெருமூச்சு விட்டார். எடித்தும் அதோடு ஒரு பெருமூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

ஆதம்பாவா கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். காரைச் சுற்றி வந்து முன் சில்லருகே குந்தினார். அமிர்தநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இஞ்ச பார்," என்றார் ஆதம்பாவா. "டோஹாவில பெரிய பெரிய ரேஸ் காருக்குத்தான் கலிப்பருக்குக் கலர் அடிப்பாங்க. இது சாதாரணக் காரில்ல."

ஓடிப் பார்க்கப் புறப்பட்டார்கள். அமிர்தநாயகம் ஓட்டினார், மற்ற மூவரும் கூட இருந்தார்கள். பேசாலை வீதிக்கு ஏறியதும் ஒரு கழுதைக் கூட்டம் குறுக்கே நின்றது. அவர் வழக்கம்போல் பிறேக்கைத் தொட்டார். கழுதைகள்தான் வழக்கத்துக்கு மாறாக விலகவில்லை. இத்தனை காலமும் அவை கீச்சைக் கேட்டு விலகிப் பழகியவை. கீச்சு இல்லாத கார் அவற்றுக்குக் காரே இல்லை. முழுப் பலத்தோடு மிதித்தார். கார் கழுதையின் வாலடியில் சத்தமில்லாமல் நின்றது. கொஞ்சத் தூரத்தில் இன்னொரு கூட்டம், இன்னொரு மிதி. அப்படி மிதித்து மிதித்துப் போனதில் கலிப்பர் சூடேறி, முன் சில்லுகளிலிருந்து புகை வந்தது. போட் பெயின்ற் எரிகிற நாற்றம் காருக்குள் நிறைந்தது.

அமிர்தநாயகத்தின் மனம் குளிர்ந்தது. மாதா கைவிடவில்லை.

"ஐயையோ, புகையுது," என்றார், வருத்தப்படுகிறவர் போல. "இந்தக் காரில இப்பிடித்தான். நம்பி வாங்கேலாது."

ஆதம்பாவா இறங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். "புதுப் பெயின்ற் வேகுது. அங்க இதை அடுப்பில வச்சே வேகவைப்பாங்க. இனி நல்லாப் பிடிச்சிரும். பிறேக் எண்டா இதுதான் பிறேக். வாலடியில நிண்டுதே, பார்த்தீங்களா?"

நசீறா பின் இருக்கையிலிருந்து, "அப்ப எடுத்திருவம்," என்றார்.

அமிர்தநாயகம் காரை வீட்டுக்குத் திருப்பினார். முற்றத்தில் காரை நிறுத்தி, திறப்பைக் கழற்றி, அதை நசீறாவிடம் நீட்டப் போனவர் நீட்டவில்லை. கண் கலங்கியது. ஐம்பது வயது ஆம்பிளை அழக்கூடாது என்று நினைத்தார், நினைத்ததோடு சரி.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ," என்றார். "நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லவேணும் எண்டுதான் நான் இந்தக் கோலத்தில பெயின்ற் அடிச்சனான். கார் இல்லாட்டி இந்த வீட்டில நானும் ஒரு கதிரைதான். எடித், விக்காத. நீ என்ன சொன்னாலும் கேக்கிறன்."

எடித் உடனே இளகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிழமைக்கு ஒருமுறை கார் கழுவப்படவேண்டும் என்றாள், தலையாட்டினார். பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே போகவேண்டும் என்றாள்; அதற்கும் ஆட்டினார். கீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கே சில்லைக் கழற்றவேண்டும், இனி இந்த வீட்டில் நாளைக்கு என்று ஒரு நாள் கிடையாது என்றாள்.

"மடு மாதா ஆணையா," என்றார் அமிர்தநாயகம்.

நசீறா நல்ல மனுசி. மனம் வைத்த பொருளைப் பிடுங்கினால் பறக்கத்து இல்லை, நலம் தங்காது, கார் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆதம்பாவாவுக்குத்தான் முகம் கொஞ்சம் வாடியது. கலிப்பரை இன்னொரு தரம் குந்தியிருந்து பார்த்தார்.

அமிர்தநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? கலியாணம் கட்டிய நாள்முதல் செய்யாத காரியமாக, தேத்தண்ணி தானே போடுகிறேன் என்று குசினிக்குள் போனார். அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டுச் சீனிப் பேணியைத் தேடி, உப்பைக் கண்டுபிடித்து, மறுபடி தேடிக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு அப்பால் கிணற்றடியில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். எடித்துக்கு முன்பின் தெரியாதவர் என்று அவர் நினைத்திருந்த நசீறா, எடித்தின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

"எடித், வாற சனிக்கிழமை உன்ர முறை," என்றார் நசீறா. "நீ எங்கட வீட்ட வந்து அந்த போட்டை விலைக்குக் கேளு; மனிசன் ஓட்டையை அடைச்சு முடிக்கிற மட்டும் விட்டிராத."