பேரனின் எடைக்கு நான் பொறுப்பாளி அல்ல

சரோஜினி நகர், புது தில்லி
14.2.1979

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜோதிலிங்கம் அவர்களுக்கு,

சுப்பையா எழுதுவது. தென்காசியில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், என் மனைவி, மகள் ஜலஜா, தங்கள் பேரன் நால்வரும் சௌக்கியம். பேரனும் சௌக்கியம் என்பதை இன்னொரு முறை வாசிக்கவும்.

‘குழந்தை தேறாமல் அழைத்துப்போக மாட்டோம்’ என்று தாங்கள் எழுதிய கார்டு வந்து சேர்ந்தது. கவரில் எழுதியிருக்கலாம். தபால்காரருக்குத் தமிழ் தெரியாதது என் புண்ணியம். கார்டை வாங்கி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பூவராகவனுக்குத் தெரியும். தலைப்பிரசவம் பெண் வீட்டில், ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது என்பதுதான் நம் வழக்கம். நான் ஆபீசிலிருந்து வந்ததும் ஜலஜா கேட்கிற முதல் கேள்வி, “அப்பா, தென்காசிலேருந்து வர்றாங்களா?” என்பதுதான். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

எல்லாம் தாங்கள் இருவரும் பெயர் வைக்க வந்த அன்று ஆரம்பித்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்த சம்பந்தியம்மாள், “என்ன சம்பந்தி, முருங்கைக்காய்க்குக் கையும் காலும் முளைச்ச மாதிரில்லா இருக்கு! பேறுகாலத்துக்கு வந்த புள்ளைக்குச் சோறு போட்டியளா, இல்ல டெல்லில அதுக்கும் ரேஷனா?” என்றார். தாங்கள் சிரித்தீர்கள். மூன்று நாள் ரயில் அசதியிலும் அந்தச் சிரிப்புக்கு நல்ல தெம்பு இருந்தது. பிறகு பால்மாவு டப்பாவில் அச்சடித்திருந்த குழந்தையைக் காட்டி, “புள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்” என்றீர்கள். டப்பாக் குழந்தையைப் பெற்றவர்களைத் தாங்கள் பார்த்ததுண்டா? நம் குழந்தையைப் பெற்றவர்களையோ அளந்தே பார்த்துவிட்டார்கள்.

பிரசவத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை இதைத் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறார். கையில் ஓர் இடுக்கி. தாய், தகப்பன், பிறந்த பிள்ளை மூவரின் தோலையும் கவ்விப் பிடித்து, அடியில் எவ்வளவு கொழுப்பு என்று அளக்கிறார். ஜலஜாவிடம் கவ்வ ஒன்றும் கிடைக்கவில்லை. “பேட்டீ, மகளே, கொஞ்சம் நெய்யாவது சாப்பிடு” என்றார். மாப்பிள்ளையின் விலாவுக்கு இடுக்கி திறந்த மட்டும் திறந்தும் போதவில்லை. அவரோ, “எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் டாக்டர்” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். டாக்டரம்மா என்னிடம் விளக்கினார்: அவர் இதுவரை அளந்ததில் பிள்ளையின் கொழுப்பு தாயின் கொழுப்பை ஒட்டியே போகிறதாம், தகப்பன் எவ்வளவு பருத்திருந்தாலும் பிள்ளையிடம் அது அவ்வளவாகத் தெரிவதில்லையாம். இன்னும் பல பேரை அளக்க வேண்டுமாம். எனக்கு இந்த மூவரே போதும்.

ஏனென்றால், ஒல்லியான தாயைத் தேடிப் பிடித்தது யார்? முதலில் என் தங்கை மகளைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக் கேசரி வாயில் இருக்கும்போதே, “பொண்ணு ஒரு சுத்துப் பெருத்துல்லா இருக்கு” என்றது சம்பந்தியம்மாள். பிறகு ஜலஜாவைப் பார்த்து, “கொடி மாதிரி இருக்கா” என்று பூ வைத்ததும் அவரே. அன்றிலிருந்து என் தங்கை என்னோடு பேசுவதில்லை. இப்போது கொடியில் பூசணி காய்க்கவில்லை என்று கார்டு போடுகிறீர்கள். பூசணியும் கொடியில்தானே காய்க்கிறது என்று தாங்கள் வாதிடலாம். அது வேறு கொடி.

கார்டு வந்தபின் நான் சும்மா இருக்கவில்லை. மாடிவீட்டு கபூர் அம்மாள் நெய்யும் பாதாமும் கொட்டி பஞ்சீரி கிண்டித் தந்தார். ஜலஜா இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. வீணாகக் கூடாதென்று நான் சாப்பிட்டேன். இப்போது ஆபீஸ் பேன்ட் இடுப்பில் சேரவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக்கடை அய்யாசாமியின் தராசில் பிள்ளையை எடை போடக் கொண்டுபோனேன். பின்னால் நின்ற சர்தார்ஜி, “யே கித்னே கா, பையா?” என்று விலை கேட்டார். நான் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அய்யாசாமி, “சார், படிக்கல்லு சரியாத்தான் இருக்கு. கொசுறு போடுற சாமானா இது?” என்றான். எம்.ஏ. படித்தவனுக்கு இதுவும் வேண்டியிருக்கிறது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பால் குடிக்கிறான், உதைக்கிறான், கபூர் அம்மாள் மாடியில் எழுந்து உட்காரும்படி அழுகிறான். இந்த மாதக் கடைசிக்குள் தாங்கள் நேரில் வந்து இருவரையும் அழைத்துப் போக வேண்டும். நானே கொண்டுவந்து விடுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் மகள் ரயில்வே பார்சல் அல்ல.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு ஆசிகள்; அவர் இன்னும் பருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சுப்பையா

பி.கு.: என் மனைவி கவர் ஒட்டப் பசை தேடப் போகும்போது பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். என் வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான்; விடுவதாக இல்லை. இதை இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். இவ்வளவு அருகில் வைத்துப் பார்க்கும்போது, குழந்தை உண்மையிலேயே இளைத்துத்தான் இருக்கிறான். சம்பந்தியம்மாள் சொன்னதே சரி. தேறாத பிள்ளையை அனுப்புவது முறையாகாது. தேறுவதற்குள் சித்திரை வெயில் வேறு வந்துவிடும். ஆவணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜலஜாவுக்காக மாப்பிள்ளையை மட்டும் லீவு போட்டு வரச் சொல்லவும். தாங்கள் அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.