முப்பத்தொன்பதாவது இலக்கம்

காலை ஆறு மணிக்கே வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டுவிட்டது. எதற்கு? சுவரில் எழுதிய ஒரு எண்ணைப் பார்க்க.

நூற்று இருபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. முப்பத்தொன்பது இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண். கணக்கு மெய்தான். அதன்மேல் ஏறி உட்கார்ந்த ஆள்தான் பொய்.

"எந்த எண்ணும் இதுக்குள்ள நுழைய முடியாது. இதைப் பார்க்கறவங்க உடம்புல எந்த நோயும் நுழையாது" என்றார், ஊரே 'எண்ணார்' என்று கும்பிடும் அந்த ஆள். போன வருடம் வரை வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர்.

மூன்று மாதத்தில் பலருக்கு முதுகுவலி போனதாம். சிலருக்கு வேலையே போனது. நாள் முழுக்க வரிசையில் நின்றால் போகாமல் என்ன செய்யும்?

அந்த எண்ணைச் சுவரில் எழுதியவன் ஒரு பெயர்ப்பலகைக்காரன். அவனுடைய அக்கா தையல் கூடத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள், சர்க்கரை நோயாளி. "ஊசியும் எண்ணும் ஒரே உடம்புல இருக்கக் கூடாதும்மா" என்று எண்ணார் சொல்ல, பதினோரு நாளாக இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள். கால் விரல் ஒன்று கறுக்கத் தொடங்கியிருந்தது. தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வாக்கா."

"எண்ணு கைவிடாதுடா" என்று வரிசையிலேயே நின்றாள்.

தம்பி நேரே கூட்டத்துக்கு முன்னால் போனான்.

"எழுதறதுக்கு முன்னாடி நூல் பிடிச்சு இடம் குறிக்கறது எங்க தொழில் வழக்கம். புனித எண்ணை அளக்கக் கூடாதுன்னு ஐயா தடுத்துட்டாரு. சுவரு பத்தல. கடைசி இலக்கத்தை விட்டுட்டேன். எண்ணிப் பாருங்க."

கூட்டம் எண்ணியது, மூன்று மாதத்தில் முதல் முறையாக. முப்பத்தெட்டு. கடைசியில் நின்றது இரண்டு.

"ரெண்டுல முடிஞ்சா ரெண்டால வகுபடும். என் ரெண்டாங்கிளாஸ் பொண்ணே சொல்வா. அப்ப இத்தனை நாள் உங்க நோயைத் தீர்த்தது எந்த எண்ணு?" என்றான் தம்பி.

எண்ணார் அசரவில்லை. "கடைசி இலக்கம் பக்குவப்பட்டவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியுதுங்க" என்றார் மளிகைக்காரர். "எனக்கும்" என்று பின்னால் ஐம்பது குரல்.

"சரி, தெரியறவங்க ஆளுக்கொரு சீட்டுல எழுதுங்க. ஐயாவும் எழுதட்டும்" என்றான் தம்பி.

சீட்டுகள் வந்தன. ஒன்று, எட்டு, பூஜ்யம். மளிகைக்காரர் 'அரை' என்று எழுதியிருந்தார். எண்ணார் எழுதியது ஐந்து. விட்டுப்போனதோ ஏழு.

"அஞ்சுல முடிஞ்சா அஞ்சால வகுபடுமே" என்றது ஒரு குரல். அக்காதான். இருபது வருடமாகச் சட்டைகளை ஐந்தைந்தாக அடுக்கி எண்ணுபவள். "தன்னோட எண்ணே தெரியாத ஆளை நம்பி என் விரலைக் கொடுக்கப் பார்த்தேனே. வண்டி பிடிடா."

விரல் பிழைத்தது. எண்ணார் பின்வாசல் வழியாக நழுவினார். வரிசை மட்டும் முழுதாகக் கலையவில்லை. "அப்ப முப்பத்தெட்டு இலக்க எண்ணுக்குத்தான் சக்தி போலிருக்கு" என்று இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் இடம் போதாமல் போனது பெயர்ப்பலகைக்காரன் குற்றமில்லை. தலைக்குள் இவ்வளவு இடத்தைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அது யார் குற்றம்?