அண்ணன் செய்த வில்

எனக்குக் கை வேலை எதுவும் தெரியாது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் பாடுபட்டுக் கட்டிக் காத்த பெயர் இது.

கல்யாணமான புதிதில் ஒரு கண்ணாடி மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அடித்தேன். ஆணி நேராகத் தண்ணீர்க் குழாயில் இறங்கியது. கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்புகள் மிதந்து வாசலுக்கு வந்தன. என் மனைவி என் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுல நீங்க எதையும் தொட வேண்டாம், சாமி" என்றாள். அவள் அழாத குறை. எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்றோடு சாயும் அலமாரி, ஆடும் நாற்காலி, மூட மறுக்கும் கதவு எதுவும் என் இலாகா இல்லை என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை தூக்கம். அந்த மூன்று மணி நேரத்தைப் பதினோரு வருஷமாக ஒருத்தரும் தொட்டதில்லை.

இப்படி ராஜாவாக இருந்த நான்தான் போன வருஷம் ஒரு வில் செய்யத் தீர்மானித்தேன்.

எல்லாம் ஒரு வீடியோ செய்த வேலை. ஒரு தாடிக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வில் செய்கிறார். சாதா வில் இல்லை, மூன்று துண்டாகக் கழட்டி மாட்டுகிற வில். நடுவில் கட்டையில் ஒரு கைப்பிடி. அதற்கு மேலே வளைகிற பட்டை ஒன்று, கீழே ஒன்று; அவற்றுக்குக் கை என்று பெயர். இரண்டு கையும் நுனியில் எதிர்ப்பக்கமாகச் சுருண்டு நிற்கும். போல்ட்டை முடுக்கினால் வில். கழட்டினால் தோள் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. பதினோரு வருஷம் சும்மா கிடந்த கை, அரிப்பும் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

வில் செய்வது பெரிய விஷயம் இல்லை. நான் வில் செய்வது என் மனைவிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதுதான் விஷயம். அறுக்க, துளை போட, இழைக்க எனக்குத் தெரியும் என்று அவள் கண்டுபிடித்தால் முதலில் அலமாரி வரும். பின்னாலேயே நாற்காலி வரும். என் ஞாயிற்றுக்கிழமை அம்பேல்.

அவளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் கிறுக்குவதையே கண்ணாடி போடாமல் படிக்கிறவளுக்கு என் மூஞ்சி எம்மாத்திரம்? ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறேன். 'வண்டி தானாகவே குளத்தில் குதித்தது' என்று எழுதி அனுப்புகிறவர்களைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. நாலாயிரம் பொய்யைப் பிடித்தவனுக்கு ஓட்டை இல்லாமல் ஒரே ஒரு பொய் சொல்லத் தெரியாதா?

பக்கத்து வீட்டில் கப்பல்காரர் இருந்தார். கப்பலில் இருபது வருஷம் ஓட்டியவர். இன்ஜின் அறையில் இருந்தார் என்று தெரு முழுக்க நம்பிக்கை. உண்மையில் அவர் வெங்காய மூட்டைகளுக்குப் பொறுப்பாளர். இது எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது.

"அண்ணே, கொட்டகை எனக்கு. பேரு உங்களுக்கு" என்றேன்.

"என்ன பேரு, தம்பி?"

"வில் செஞ்சவருங்கிற பேரு."

"நான் எதுவும் செய்ய வேண்டாமா?"

"ஒரு ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிச்சா போதும்."

"அது எனக்கு நல்லா வரும்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். "கப்பல்காரர் வில் செய்றாராம். என்னை வந்து பாக்கச் சொன்னார்."

"வில்லா?"

"வில்தான்."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"நான் வேடிக்கை பாப்பேன்."

"அப்ப சரி. எதையும் தொட்டுராதீங்க" என்றாள். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

வில்லுக்குக் கை செய்வது பொறுமையான வேலை. பட்டை பட்டையாகச் சீவிய மரத்தைப் பசை தடவி அடுக்க வேண்டும். வளைந்த அச்சின் மேல் வைத்து, பதினைந்து கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டு நாள் காயவிட வேண்டும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்லித் தாடிக்காரர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் கை அச்சை விடவில்லை. உளி வைத்தேன். கெஞ்சினேன். பிறகு சுத்தியலால் பேசினேன். எங்கள் கல்யாணம்கூட அவ்வளவு கெட்டியாக ஒட்டவில்லை.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா போச்சே, தம்பி" என்றார் ஸ்டூலில் இருந்தவர், பேப்பரை மடிக்காமல்.

மறுபடி அச்சு. மறுபடி பட்டை. இந்தத் தடவை பிளாஸ்டிக் தாள் நகராமல் இருக்க எங்கள் கொடியிலிருந்து எட்டுத் துணி கிளிப்பை எடுத்து வந்து மாட்டினேன். இரண்டு கையும் நன்றாக வந்தன. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த வாரம்தான் கப்பல்காரர் யாரோ துரத்தின மாதிரி கொட்டகைக்குள் ஓடி வந்தார்.

"தம்பி, குடி முழுகிப் போச்சு."

"என்னண்ணே?"

"உன் வீட்டம்மா வந்துச்சு. சமையலறை அலமாரி சாயுதாம். நான் வந்து சரி பண்ணித் தரணுமாம்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? வில்லே செய்றவருக்கு அலமாரி எம்மாத்திரம், அண்ணேன்னு கேக்குது."

"இடுப்பு வலின்னு சொல்லுங்க."

"சொன்னேன். கடையிலிருந்து தைலம் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்கு. சனிக்கிழமைக்குள்ள இடுப்பு சரியாயிடுமாம்."

மருந்துக்கடைக்காரியிடம் வியாதி சொல்லித் தப்பிக்க நினைத்தது எங்கள் தப்பு.

வேறு வழி இல்லை. அவர் மாட்டிக்கொண்டால் நானும் மாட்டிக்கொள்வேன். சனிக்கிழமை காலையில் அவள் கடைக்குப் போனதும், என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைந்தேன். கப்பல்காரர் ஜன்னல் ஓரம் காவல். பதினோரு வருஷமாகச் சாய்ந்த அலமாரியைக் கழட்டி, புதுப் பலகை போட்டு நிமிர்த்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். வில் செய்த கை விடவில்லை. பலகை முனையை உருட்டி இழைத்தேன். உப்புத்தாளில் முரடு, நடுத்தரம், நைஸ் என்று ஆறு சுற்றுப் போட்டேன். எண்ணெய் பூசினேன். கடைசியில் வேண்டியபோது கழட்டி மாட்டுகிற மாதிரி இரண்டு பித்தளைப் போல்ட்டும் வைத்தேன். அரை மணி வேலைக்கு நாலு மணி நேரம் ஆனது.

சாயங்காலம் அவள் அலமாரி முன்னால் வெகு நேரம் நின்றாள். பலகையை விரலால் தடவினாள்.

"மனுஷன்னா அவர் மனுஷன்" என்றாள்.

"யாரு?"

"அண்ணன்தான். என்ன நேர்த்தி பாருங்க. கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்கு என்ன தெரியும் இதோட அருமை? இப்படி ஒருத்தர் வீட்டுல இருக்க அண்ணி குடுத்து வெச்சிருக்கணும்."

அன்றைக்கு அவள் ஒரு கேக் சுட்டாள். வாசனை தெரு முனை வரை போனது. முழுசாக ஒரு தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போனாள். எனக்கு, சுட்ட பாத்திரத்தில் ஒட்டியிருந்த தூள்.

அடுத்த வாரம் நாற்காலிக் கால். அதற்கு அடுத்த வாரம் ஜன்னல் கொக்கி. பிறகு இழுக்க வராத மேஜை டிராயர். 'அண்ணன்' எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். அண்ணனுக்குப் பாயசம் போனது, பிஸ்கட் போனது, ஒரு சட்டைகூடப் போனது. சனிக்கிழமை எனக்கு வீட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வில் வேலை. தூக்கம் எப்போதோ போயிருந்தது. கப்பல்காரர் மட்டும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார்.

"கேக்கு இந்தத் தடவை கொஞ்சம் இனிப்புக் கம்மி, தம்பி" என்றார் ஒருநாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதைச் சொன்னால் பொறாமைதான். என் கை செய்த வேலைக்கு என் பெண்டாட்டி வாயால் இன்னொருத்தனைப் புகழ்ந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் வில் முடிந்துவிடும், கப்பல்காரருக்கு இடுப்பு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், என் மதியத் தூக்கம் திரும்பக் கிடைக்கும் என்று பொறுத்துக்கொண்டேன்.

வில்லில் கடைசி வேலை இரண்டு கையையும் சமம் பண்ணுவது. நாணை இழுக்கும்போது இரண்டும் ஒரே அளவு வளைய வேண்டும். ஒன்று விறைத்துக்கொண்டு நிற்க இன்னொன்று மட்டும் வளைந்து கொடுத்தால் குடும்பம் நடக்கும், வில் நடக்காது. விறைத்த கையைச் சுரண்டிச் சுரண்டி மூன்று வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் வளைகிற கை எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து நடுவில் ஒரு வட்டம் போட்டேன். முதல் அம்பு. பக்கத்தில் நானும் கப்பல்காரரும் மட்டும்.

"அண்ணே" என்று பின்னால் ஒரு குரல்.

என் மனைவி. கூடக் கப்பல்காரரின் மனைவி. இரண்டு பேரும் உட்காருவதற்கு ஆளுக்கொரு நாற்காலியோடு வந்திருந்தார்கள். ஒன்று நான் கால் மாற்றிய நாற்காலி.

"வில் முடிஞ்சுதாமே. நீங்க செஞ்சதை நீங்களே மாட்டி, நாணேத்தி ஒரு அம்பு விடுங்கண்ணே. கண்ணாரப் பாக்கணும்" என்றாள்.

கப்பல்காரர் என்னைப் பார்த்தார். நான் மெத்தையைப் பார்த்தேன்.

"இடுப்பு..." என்று ஆரம்பித்தார்.

"தைலம் இருக்கு" என்று என் மனைவி பையைத் திறந்தாள்.

பாவம், மனிதர் கைப்பிடியை எடுத்தார். கைகளை எடுத்தார். மேல் கையைக் கீழே மாட்டினார், கீழ்க் கையை மேலே மாட்டினார். நான் பல்லைக் கடித்தேன். அடுத்து நாணை எடுத்து வில்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்த மாதிரி வில்லில் ஒரு சூது உண்டு. கைகள் எந்தப் பக்கம் சுருண்டிருக்கின்றனவோ அந்தப் பக்கம் நாண் ஏற்றுவதுதான் சரி என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். அது தப்பு. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் ஏற்ற வேண்டும். தப்பான பக்கம் வளைத்து இழுத்தால் கை இரண்டும் படாரென்று பிளந்துவிடும்.

அவர் தப்பான பக்கம் வளைத்தார். முழங்காலைக் கொடுத்து அழுத்தினார்.

வில்லின் கை லேசாக முனகியது. நாலு மாத வேலை. ஒரு பக்கம் என் வில், இன்னொரு பக்கம் என் பதினோரு வருஷப் பெயர். வாயை மூடிக்கொண்டு நின்றால் வில் போகும், தூக்கம் மிஞ்சும். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வில்லைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வில் இன்னொரு தடவை முனகியது.

"விடுய்யா அதை!"

கத்தியது நான்தான். அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "எந்த மடையன் சுருண்ட பக்கம் நாண் ஏத்துவான்? மேல் கையைக் கீழ மாட்டியிருக்கீங்க. உள்பக்கம் பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்றபடி போல்ட்டைக் கழட்டி, கையை மாற்றி, முடுக்கி, நாண் ஏற்றவென்று வைத்திருந்த தனிக் கயிற்றை மாட்டி மிதித்து வளைத்து, நாண் ஏற்றி, அம்பைத் தொடுத்து விட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அம்பு வட்டத்துக்குள் போய் நின்றது.

அப்புறம்தான் செய்தது எனக்கு உறைத்தது. கப்பல்காரர் ஸ்டூலைத் தேடினார்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன். சொன்னதும் ஒரு நிம்மதி, கொஞ்சம் கர்வமும்தான். "வில்லும் நான்தான். அலமாரி, நாற்காலி, கொக்கி எல்லாம் நான்தான். அந்தக் கேக்கெல்லாம் எனக்கு வந்திருக்கணும்."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"எட்டு கிளிப்பைக் காணோம்னு அண்ணிகிட்ட கேட்ட அன்னைலேர்ந்து. அது கொட்டகையில வில்லுல மாட்டியிருக்கு, எங்க வீட்டுக்காரருக்குப் பல்பு மாத்தவே வராதே, அவர் எங்கேருந்து வில் செய்றதுன்னு அண்ணிதான் சொன்னாங்க."

கப்பல்காரரின் மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள். கேக்கில் பாதியை அவளும் என் மனைவியும்தான் தின்றிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே."

நான் வில்லைக் கழட்டினேன். மூன்று துண்டையும் பையில் போட்டேன். மணி சரியாக இரண்டு ஆகியிருந்தது. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, என் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளை அக்கறையாகத் தட்டிவிட்டாள்.

"குளியலறைக் கதவு மட்டும் பாக்கி. நீங்க செய்யக் கூச்சமா இருந்தா, அண்ணன் பேர்லயே செஞ்சிருங்க" என்றாள்.