ஸ்லாவ்காவின் காலில் இருந்தது

மரியாதைக்குரிய மைத்துனர் மெதோடி அவர்களுக்கு,

நம் ஊர் ஷ்டிப்பிலிருந்து பிளகோய் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உங்கள் தங்கையைப் புதைத்து ஒன்பது நாளே ஆகிறது. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். தங்கை சாவுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் விடுப்பு, இத்தாலியிலிருந்து பயணம் இரண்டு நாள். நீங்கள் வராததை இங்கே யாரும் குறையாகப் பேசவில்லை. பேசியவர்களும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

அவள் காலில் என்ன போட்டுப் புதைத்தோம் என்று போனில் கேட்டீர்கள். ஏதோ வதந்தி அங்கே வந்திருக்கிறது. எனவே உங்கள் மனைவி விஸ்னா வழக்கம்போல இதை வீட்டிலுள்ள நம் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குருமே முதலாளியின் தொழிற்சாலையில் உங்கள் தங்கை ஸ்லாவ்கா இருபத்தோரு வருடம் ஷூவின் மேல்பாகம் தைத்தாள். மேல்பாகம் மட்டும். அது லாரியேறி உங்கள் தொழிற்சாலைக்கு வந்து, நீங்கள் அடி ஒட்டி, இத்தாலி முத்திரை விழுந்த பிறகுதான் ஆடம்பரப் பொருளாகிறது. அதுவரை வெறும் தோல். முழு ஷூ ஒன்றை அவள் தொழிற்சாலை வாசலில் மாட்டிய படத்தில்தான் பார்த்திருக்கிறாள். மெஷினிலிருந்து எழுந்துபோக ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தடவை அனுமதி உண்டு. அவள் மயங்கி விழுந்து செத்தது அந்த இரண்டிலும் சேராததால், எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

மறுநாள் குருமேயிடம் போனேன்.

"மொதலாளி, பொணத்துக்குப் புது ஷூ போடணும்ல. அவ தச்சதுல ஒரு ஜோடி குடுங்க. வெலைய தந்துடறேன்."

"அது லக்சரிய்யா, பிளகோய்! ஒன் மூணு மாசப் பென்ஷன். மண்ணுக்குள்ள போடற சாமானா அது?"

"அப்ப அடி இல்லாம மேல்பாகத்த மட்டும் குடுங்க. நடக்கவா போறா?"

"யோவ், பெட்டியில படுத்தா எதிர்ல நிக்கறவன் கண்ணுக்குத் தெரியறதே அடிதான்யா!"

அதில் நியாயம் இருந்தது. விஷயம் தெரிந்த மனிதர். ஸ்லாவ்கா முதுகு சாய நாற்காலி கேட்டபோதும் லக்சரி என்றார். ஆகஸ்ட் மாதம் அவளோடு தைக்கிற பாவ்லீனா ஒரு மின்விசிறி கேட்டபோதும் அதையே சொன்னார். ஷூ மட்டும்தான் லக்சரி என்று நான் நினைத்திருந்தது என் அறியாமை. ஆனாலும் பெரிய மலர்வளையம் அனுப்பினார். 'உன் இரண்டாவது குடும்பம்' என்று எழுதியிருந்தது. அடக்கம் நடந்தது சனிக்கிழமை, விருப்பப்பட்டவர்கள் கட்டாயம் வேலைக்கு வரவேண்டிய நாள். எனவே குடும்பம் வரவில்லை. அவள் பக்கத்து மெஷின்காரிகள் பாவ்லீனாவும் எமினேயும் மட்டும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள்.

சந்தையில் பசை நாறும் கறுப்பு ஜோடி ஒன்று வாங்கி, அதைத்தான் போட்டுப் புதைத்தோம். யாரும் எதையும் திருடவில்லை. பாவ்லீனாவும் எமினேயும் அப்படிப்பட்டவர்களும் அல்ல. வாசலில் தினமும் பையைச் சோதிக்கிறார்களே. புனித நிக்கோலா மேல் சத்தியம்.

உங்கள் வீட்டில் ரொட்டியும் உப்பும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
பிளகோய்

பின்குறிப்பு: விஸ்னா, இதுக்குமேல சத்தமா படிக்காதம்மா. படிச்சா ராத்திரிக்குள்ள குருமே காதுக்குப் போயிடும். உங்க வீட்டுக்காரர் கையில குடுத்துடு.

மச்சான், சத்தியம் பொய். சட்டைக்குள் மறைத்து ஆளுக்கு ஒரு மேல்பாகம் கொண்டுவருவது என்று அந்த இரண்டு பெண்களும் பேசிக்கொண்டார்கள். எந்தக் கால் என்று பேசிக்கொள்ளவில்லை. கழிப்பறை வாசலில் கிடைக்கிற நேரத்தில் அவ்வளவுதான் பேச முடியும். இரண்டுமே இடதாக வந்தன. திரும்ப எடுத்துப்போக வழியில்லை. ஊரில் செருப்புத் தைக்கிறவர் அடி ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வலது காலை நுழைக்கத்தான் சிரமப்பட்டோம். ஸ்லாவ்கா எதுவும் சொல்லவில்லை. அழகாக இருந்தாள், மச்சான்.

இன்னொன்று. தொழிற்சாலையில் ஜோடியில்லாமல் நின்ற இரண்டு வலதையும் ஒரு ஜோடியாகக் கட்டி, எமினே லாரியில் ஏற்றிவிட்டாள். அடுத்த வாரம் உங்கள் மேசைக்கு வரும். யாராவது பார்த்து இங்கே கேள்வி வந்தால் இருவருக்கும் வேலை போய்விடும்; எமினே வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிடுங்கள். திருட்டு என்று நினைக்காதீர்கள். தங்கையின் சாவுக்கு அண்ணன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று மிச்சமிருந்தது, அது இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.