தங்கள் அக்கா போட்ட கையெழுத்து குறித்து

மேல்வீட்டில் வசிப்பவரும், என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும், லிஃப்ட் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவரும், வீட்டில் புகை பிடிக்க உரிமம் பெற்றவருமாகிய என் மைத்துனர் அவர்களுக்கு, கீழ்வீட்டிலிருந்து அத்தான் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். அங்கு தாங்கள் நலமாக இருப்பது மொட்டைமாடியிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை.

பதினாறு படி ஏறினால் நேரில் சொல்லிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். தங்களோடு பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அதைத் தாங்கள் கவனிக்கவே இல்லை என்று தங்கள் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். கவனிக்க வைப்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வீட்டில் புகை பிடிக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்த வாரம், நாம் இருவரும் ஒரே பேருந்தில் ஒன்றாகப் போய் ஆளுக்கொரு படிவம் வாங்கி வந்தோம். அதே முகவரியில் வசிக்கும், புகை பிடிக்காத, வயது வந்த ஒருவர் ‘இவருடைய புகையில் எனக்கு ஆட்சேபமில்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. நம் வீட்டில் அப்படிப்பட்டவர் தங்கள் அக்கா ஒருத்திதான். கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு யாருக்குப் போடப்போகிறாள் என்ற தைரியத்தில் நான் நிதானமாகக் கறுப்பு மைப் பேனா தேடி, ‘எத்தனை ஆண்டுகளாகப் பழக்கம்’ என்ற கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதுவதா முப்பத்திரண்டு என்று எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் தாங்கள் அவளைப் படிக்கட்டிலேயே மடக்கி, அவள் இடுப்பில் இருந்த துணிக்கூடையின் மேல் படிவத்தை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டீர்கள். நான் என் படிவத்தை நீட்டியபோது அவள் படித்துப் பார்த்துவிட்டு, “ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் போடலாமாம். இப்பதான் தம்பிக்குப் போட்டேன்” என்றாள். “என்னைக் கேக்காமயா?” என்றேன். “அவன் கேட்டான், போட்டேன். நீங்க பேனா தேடிட்டு இருந்தீங்க” என்றாள். நீ அன்று என் மூக்குக்கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தபோது உன் பையிலிருந்து எட்டிப் பார்த்த அந்தப் படிவத்தை என் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். முழுப் பெயர், கடைசியில் ஒரு நீண்ட வால், வாலுக்குக் கீழே ஒரு புள்ளி. எங்கள் கல்யாணப் பதிவேட்டில் அந்தப் புள்ளி கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. கோபத்தில் ‘நீ’ என்று வந்துவிட்டது, அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

சரி, அரசாங்கத்திடமே நியாயம் கேட்போம் என்று உரிம அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் நாற்பது பேர், எல்லோருக்கும் இருமல். என் முறை வந்ததும் அங்கிருந்த எழுத்தர் அம்மாவிடம், மனிதன் தன் நுரையீரலைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றியும், ஒரு வீட்டின் பால்கனிக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பது பற்றியும் நான் வழிநெடுகத் தயாரித்திருந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, “நுரையீரல் உங்களோடதுதான் சார், யாரு இல்லைன்னா? காத்து வீட்டுல இருக்கறவங்க எல்லாருக்கும் பொது. கையெழுத்து வாங்கிட்டு வாங்க” என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா. ஒரு உதவி செய்தால் ஒரு உதவி கிடைக்கும் என்ற நப்பாசையும் சேர்ந்துகொள்ள, சட்டைப் பையிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்துத் திருகை இறுக்கி, துடைத்து, மாட்டியும் விட்டேன். அந்த அம்மா மனதார நன்றி சொன்னார். பார்வை தெளிந்ததில் என் படிவத்தில் இன்னும் இரண்டு பிழைகள் அவர் கண்ணில் பட்டன. அதோடு ஆரம்பத்திலிருந்து மறுபடி எழுதச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வெளியில் பிடித்தால் அபராதம், வீட்டில் பிடிக்க உரிமம் இல்லை என்று எட்டு மாதமாக நான் ஒன்றுகூடப் பிடிக்காமல் இருக்கிறேன். முதல் மாதம் கடையில் இருந்த அளவுப் பென்சில்களை எல்லாம் கடித்துத் தீர்த்தேன். இப்போது பென்சிலும் கேட்பதில்லை. போன வாரம் உன் அக்கா என் சட்டையைத் துவைக்க எடுத்து முகர்ந்து பார்த்து, “வெறும் சட்டை வாசனைதான் வருது” என்றாள். காலை முதல் சாயங்காலம் வரை சலவைக்கடைக் கவுண்டரில் நின்று ஊரார் துணியை முகர்பவள். அவள் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. எனக்கு வேண்டியது வேறு.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறதல்லவா, ஒப்புதல் தந்தவர் கூடவே உட்கார்ந்திருந்தால்தான் வீட்டில் புகைக்கலாம் என்று. அந்த விதியை எழுதியவன் என் குடும்பத்தைக் கெடுக்கவே எழுதியிருக்கிறான். தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வருகிறாள், கைப்பையை என் பக்கம் வைக்கிறாள், மேலே போய்விடுகிறாள். உங்களுக்கு இரண்டு நாற்காலி. ஒரு சிகரெட்டுக்கு எட்டு நிமிடம், நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன். அந்த எட்டு நிமிடமும் பேச்சு, சிரிப்பு. துணி எடுக்கிற சாக்கில் மூன்று முறை படியேறினேன், மூன்று முறையும் கொடியில் துணியே இல்லை. நான்காவது முறை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் கோட்டுப் பையிலேயே தன் பல்செட்டை விட்டுவிட்டுப் போய், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்த கதையை உனக்கு நடித்தே காட்டிக்கொண்டிருந்தாள். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். நான் கீழே இறங்கிவந்து காத்திருந்தேன். அந்தக் கதையை எனக்கும் சொல்வாள் என்று நினைத்தேன். “தண்ணித் தொட்டி ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்க” என்று மட்டும் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து இருபத்தாறு வருடம் நான் பின்பக்கச் சந்தில் தனியாக நின்று புகை பிடித்திருக்கிறேன். ஒருத்தர் எட்டு நிமிடம் கூட உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்தக் கதை வேண்டும், மச்சான். அது கிடைக்காமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, ஏழு நாளைக்குள் தாங்கள் உரிம அலுவலகம் சென்று, என் மனைவியின் கையெழுத்தை விடுவித்து அவளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால், என்னுடைய ஏணியைத் தாங்கள் தொடக் கூடாது. தங்கள் புதுக் கண்ணாடியின் திருகு தளரும்போது வேறு கடை பார்த்துக்கொள்ள வேண்டும். இது என் நுரையீரல், என் இஷ்டம், என் சுதந்திரம். இதில் குறுக்கே வர யாருக்கும் உரிமை இல்லை, உன் அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்றபடி தங்களுக்கு மூச்சு சீராக வரவும், ஏறுகிற லிஃப்டெல்லாம் நடுவில் நிற்காமல் போகவும், காலைநேர இருமல் சீக்கிரம் அடங்கவும் மனமார வாழ்த்துகிறேன். வாழ்த்துவதால் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமம் மறுக்கப்பட்ட அத்தான்,
கீழ்வீடு.

பின்குறிப்பு: இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை உன் கதவுக்கு அடியில் தள்ளுவதற்காகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைப்பதற்கு முன் பையைத் துழாவுவது உன் அக்காவுக்குத் தொழில் என்பது மறந்துபோயிற்று. எடுத்துப் படித்துவிட்டாள். நேற்று அரை நாள் விடுப்பு எடுத்துப் போய் உன் ஒப்புதலை ரத்து செய்து, எனக்குக் கையெழுத்துப் போட்டு, உரிமத்தைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ரத்துப் படிவம் உனக்கு நாளை தபாலில் வரும். சாயங்காலம் இருவரும் மாடிக்குப் போனோம், உன் நாற்காலியில் நான். பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுத்ததும் தலை சுற்றியது. எட்டு நிமிடம் வேண்டுமே என்று அணைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கதை எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், “ஏன் திடீர்னு எனக்குப் போட்டே?”

“தம்பி காலையில இருமறது உங்களுக்குக் கேக்கலையா? படியேறுனா மூச்சு வாங்குது அவனுக்கு. எத்தனை நாள் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருக்கறது? அதான் ரத்து பண்ணிட்டேன்.”

“அப்ப நான்?”

“நீங்கதான் என் நுரையீரல், என் இஷ்டம்னு எழுதியிருக்கீங்களே. அதுல நான் எதுக்குக் குறுக்க வரப்போறேன்?”

மச்சான், இன்று முதல் உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். ஏணியை எடுத்துக்கொள். நாளைக்கு உனக்கு வரப்போகும் ரத்துப் படிவத்தின் நகல் என் முன்னால் இருக்கிறது. மறுப்புக்குக் காரணம் எழுத அதில் ஐந்து வரி இடம் விட்டிருக்கிறார்கள். உன் அக்கா ஐந்தையும் நிரப்பி, இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாள். என் படிவத்தில் ‘ஆட்சேபமில்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் மட்டும் இருக்கிறது. உன் பேச்சை அவள் கேட்பாள். எனக்கும் சம்மதிக்க முடியாது என்று எழுதச் சொல். ஐந்து வரி வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும்.