மாத்துத்துணி அண்ணாச்சியின் கட்டங்கள்

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் துணியை மறந்துவிட்டுப் போவதற்கென்றே வருகிறார்கள் என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் மாத்துத்துணி அண்ணாச்சிதான்.

குளிக்கிறவர்களின் பையையும் மாற்றுத் துணியையும் பார்த்துக்கொள்ளும் சின்னக் கடை அவருடையது. தனி ஆள், கடைதான் வீடும். யாராவது சட்டையை விட்டுப் போனால் பஸ் கிளம்பும்வரை பின்னாலேயே ஓடுவார். "ஏ, நீலச் சட்ட! ஏ, செவப்பு லுங்கி!" பெயர் தெரியாததால் துணியின் பெயராலேயே உலகத்தைக் கூப்பிடுவார். கேட்பாரில்லாத துணியைத் துவைத்து மடித்து அடுத்த சீசன்வரை வைத்திருப்பார். அப்போதும் ஆள் வராவிட்டால்தான் கத்தரி போட்டு, கையாலேயே எதையாவது தைப்பார்.

தென்காசியில் மும்தாஜ் அக்காவின் தையல் வகுப்பில் ஒட்டுப்போர்வைக் குழு ஒன்று உண்டு. என் அம்மாவும் அதில் இருக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாததால் குழுவின் வாட்ஸப்பை வாசித்துச் சொல்வது என் வேலை. ஆளாளுக்குப் பழந்துணியில் சதுரக் கட்டங்கள் தைத்து வந்து மாற்றிக்கொள்வார்கள். எல்லார் வீட்டுத் துணியும் எல்லார் போர்வையிலும் சேரும். ஒரே நிபந்தனை: துணி சொந்த வீட்டு ஆளுடையதாக இருக்க வேண்டும், யாருடையது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அருவிக்கரையில் அண்ணாச்சியின் கைத்தையலைப் பார்த்து மும்தாஜ் அக்காதான் அவரையும் வரச் சொன்னார். முதல் நாளே வகுப்பு நடக்கும் மாடிக்குப் பதில் கீழ்வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"கட்டம் மாத்திக்கிடலாம்னு வந்தேன்."

கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு. ஜாதகக் கட்டம் என்று நினைத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

"பையன் என்ன பண்ணுதான்?"

"பையன் கெடையாது. எங்கிட்ட கட்டம் மட்டுந்தான் இருக்கு."

"அப்ப மாப்பிள்ளை யாரு, நீரா?"

காப்பியை வைத்துவிட்டு மாடிப்படியில் அவர் ஏறிய வேகத்தில் எந்த பஸ்ஸையும் துரத்தியிருக்கலாம்.

மேலே நடந்தது சிரிக்கும்படி இல்லை. அவர் முறை வந்தது. யார் துணி என்று மும்தாஜ் அக்கா கேட்டார்.

"நீலச் சட்டைக்காரர்து. பேரு தெரியாது."

குழுவில் இருந்த செல்லம்மா மதினி பதறினாள். "எவன் துணியோ! அருவியில போய்ச் சேந்தவன் துணியா இருந்தா? எம்மவ பிரசவத்துக்கு வாரா அண்ணாச்சி, அவளுக்குப் போத்துத போர்வை!"

"குழுவுக்குன்னு ஒரு முறை இருக்குல்லா அண்ணாச்சி," என்றார் மும்தாஜ் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணாச்சி கட்டங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துவைத்தார். "எனக்கு வீட்டாளுன்னு சொல்லிக்கிட யாரும் இல்லம்மா. ஒங்க வீட்டுத் துணியப் போத்திப் படுக்கணும்னு ஒரு ஆச. அம்புட்டுதான்."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மதினி, போனவன் துணிய நான் தொடுவனா? அதத் தேடி வீட்டாளுவ வந்துருவாங்க. கையில குடுத்துட்டு, கூட உக்காந்து நானும் அழுதிருக்கேன். இது மறந்தவன் துணி. தண்ணியில நின்ன சந்தோசத்துல, ஈரத்தோட பஸ் ஏறி, பிள்ளைகளோட கூச்சல் போட்டுக்கிட்டே வீடு போய்ச் சேந்தவன். அப்படியாப்பட்டவன் துணி ஒங்க வீட்டுல கெடந்தா நல்லதுதானன்னு நெனச்சேன்."

முதலில் கையை நீட்டியது செல்லம்மா மதினிதான்.

"அந்த நீலச் சட்டைய இங்கன தாரும்." பதிலுக்கு ஒரு கட்டத்தை நீட்டினாள். "இது எங்க வீட்டுக்காரரு வேட்டி. கொறட்ட விடும், பொறுத்துக்கிடும்."

அம்மாவும் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "எம்மவன் காக்கி நிக்கரு. எங்க வம்சத்துல மொதமொதல்ல பள்ளிக்கூடம் போன துணி."

போன சாரல் சீசனில் குற்றாலம் போயிருந்தேன். அண்ணாச்சி கடைப் பலகையில் அந்தக் கட்டங்களைச் சேர்த்துத் தைத்த போர்வை விரிந்து கிடந்தது. குளிக்க வந்த ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்து, "இதுவும் யாராவது மறந்துட்டுப் போனதா?" என்றான்.

யாரிடமும் கோபப்படாத மனிதர் சீறினார். "ஏலே, கையெடு! இதெல்லாம் எங்க வீட்டு ஆளுவ." காக்கிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இவன் என் தம்பி மவன். படிச்சவன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் காட்டவே இல்லை. என் நிக்கரைத்தான் காட்டினார். பரவாயில்லை. அன்றிலிருந்து எனக்குக் குற்றாலத்தில் ஒரு பெரியப்பா இருக்கிறார்.