விசில்காரரின் வலது குதிக்கால்

மன்னார்த் தீவில் யார் சொல்லுக்கும் நிற்காதவர்கள்கூட ஒரு மனிதர் விசில் ஊதினால் நின்றுவிடுவார்கள். கால்பந்து விளையாடுகிறவர்கள் மட்டுமல்ல. சந்தையடியில் அவர் புது விசில் ஒன்றை ஊதிப் பார்த்தபோது ஒரு பஸ்ஸும் இரண்டு கழுதைகளும் நின்றதாகச் சொல்வார்கள். காலையில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை, பின்னேரத்தில் மைதானத்தில் நடுவர். ஊருக்கு அவர் விசில்காரர்.

நான் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். எங்கள் சிறிய கிளினிக்குக்கு அவர் வந்தது வலது குதிக்கால் வலியோடு. ஒரு வருடத்துக்கு மேலாக, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடி ஆணியில் மிதிப்பதுபோல இருந்ததாம். மாத்திரை, ஊசி, சுட்ட செங்கல் ஒத்தடம் எல்லாம் பார்த்து முடித்திருந்தார். அப்போதுதான் எங்களுக்கு ஷொக்வேவ் மெசின் வந்திருந்தது.

"கரண்ட் பிடிப்பியளோ மிஸ்?"

கரண்ட் இல்லை என்றேன். கைப்பிடிக்குள் காற்றழுத்தம் தட்டும். அந்தத் தட்டு அலையாக உள்ளே போய், ஆறாமல் கிடக்கிற தசைநாரை மறுபடி ஆறத் தூண்டும். வாரம் ஒருமுறை, ஐந்து தடவை. பலன் மெல்லத்தான் தெரியும். கூடவே நான்கு விதிகள் சொன்னேன்: ஓடக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது, வலி மாத்திரை போடக்கூடாது, கெண்டைக்கால் பயிற்சியைத் தவறவிடக்கூடாது.

இரண்டாவது விதியை அவர் அடுத்த நாளே மீறினார். வேலைத்தலத்தில் ஒரு முழு ஐஸ் கட்டிமேல் காலை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். கேட்டதற்கு, தான் ஐஸ் வைக்கவில்லை, ஐஸ் அங்கே ஏற்கெனவே இருந்தது என்றார்.

சிகிச்சையின்போது, வலியைப் பூச்சியம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும்படி எல்லோரிடமும் கேட்பேன். அதை வைத்துத்தான் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. விசில்காரர் எண் சொல்ல மறுத்தார். வலிக்குக் கோல் கணக்குப்போல எண் போடுவது சரியில்லையாம். தாங்க முடியாவிட்டால் ஏதாவது சைகையாவது காட்டுங்கள் என்றேன். கவிழ்ந்து படுத்திருந்தவர் நூறாவது தட்டில் விசிலை ஊதினார். பக்கத்துத் திரைக்குள் முழங்கால் மடக்கிக்கொண்டிருந்தவர் காலை அந்தரத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். அவரை மறுபடி மடக்கவைக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

விசிலை வாசலில் வாங்கி வைக்கத் தொடங்கினேன். அடுத்த வாரம் அவர் அட்டைகளோடு வந்தார். வலி கூடினால் கை முதுகுப் பக்கமாக உயரும். அதில் மஞ்சள் அட்டை. மிகவும் கூடினால் சிவப்பு. உண்மையைச் சொன்னால், எண் சொன்ன எவரையும்விட அவர் துல்லியமாக இருந்தார். அவருடைய கோப்பில் நானும் மஞ்சள், சிவப்பு என்றே எழுதினேன். அதைப் பார்த்த டொக்டர் என்னை அழைத்து, நித்திரை போதுமா என்று விசாரித்தார்.

நான்காவது தடவை முடிந்தபோது காலைநேர வலி பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி, ஓடலாமா என்று கேட்டார். அதில் மோதுகிற இரண்டு கழகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று கோயில் மணி கேட்கிற ஊர், மற்றது பள்ளிவாசல் பாங்கு கேட்கிற ஊர். முன்பொருமுறை வெளியாள் ஒருவர் நடுவராக வந்து, போட்டி கல்லெறியில் முடிந்து, இரண்டு ஊரும் ஒரு வருடம் ஒன்றுக்கொன்று மீன்கூட விற்கவில்லை. அதன் பிறகு இரு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஒரே ஆள் விசில்காரர்தான்.

ஓடக்கூடாது என்றேன். அவர் வாதாடினார். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் அவரிடம் சொல்கிற எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்: நான் சரியாகப் பார்க்கவில்லையாம், எட்ட நின்று தீர்ப்புச் சொல்கிறேனாம், மற்றப் பக்கத்துக்குச் சாய்கிறேனாம்.

"கிரவுண்டில உங்களிட்ட ஆரும் இப்பிடி வந்து கதைச்சா என்ன செய்வியள் அண்ணை?"

அவர் கட்டில் விளிம்பில் இருந்தபடி செருப்பைக் காலால் தேடினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"போன வருசம் இவையளின்ர மட்ச்சில ஒரு பெனால்ட்டி குடுத்தனான் மிஸ். கால் ஏலாமல் முப்பது அடி பின்னுக்கு நிண்டு குடுத்தது. அது பெனால்ட்டி இல்லை."

"ஆருக்கும் தெரியுமோ?"

"நான் ஊதினா அவங்கள் நம்புவாங்கள். ஒருத்தனும் ஒரு சொல் கதைக்கேல்ல. அதுதான் எனக்குக் கிடந்து குத்துது."

அன்று பின்னேரமே அவர் இரண்டு கழகங்களுக்கும் போனார். இந்தக் காலோடு வந்தால் பந்துக்குக் கிட்ட நிற்க முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். போன வருடத்துப் பெனால்ட்டியையும் சொல்லிவிட்டார். ஊர் என்ன செய்யுமோ என்று அன்றிரவு நான் கவலைப்பட்டது உண்மை.

மறுநாள் காலை இரண்டு கழகச் செயலாளர்களும் ஒரே ஓட்டோவில் எங்கள் கிளினிக்குக்கு வந்து இறங்கினார்கள். ஒரே வாங்குப் பலகையில், நடுவில் ஓர் ஆள் இடைவெளி விட்டு இருந்தார்கள். பெனால்ட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மிஸ், நீங்க ஒரு திகதி செல்லுங்க. நாங்க நோட்டீஸ மாத்தி அடிச்சிருவம்," என்றார் பாங்கு கேட்கிற ஊர்க்காரர்.

"வேற ஆளை ஏன் பாக்கேல்ல?" என்று கேட்டேன்.

மற்றவர் நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோலப் பார்த்தார். "பிழை விட்டா வந்து சொல்லுற வேற ஆள் எங்க மிஸ் இருக்கு?"

நாட்காட்டியைப் பார்த்தேன். ஐந்தாவது தடவை, அதன் பின் ஓய்வு, மெல்லோட்டம், முழு ஓட்டம். ஏழு வாரம் தள்ளி ஒரு ஞாயிறைச் சொன்னேன். இருவரும் அதைத் தங்கள் தொலைபேசிகளில் குறித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு நானும் போனேன். அதற்கு முன் நான் ஒரு கால்பந்துப் போட்டியும் முழுதாகப் பார்த்ததில்லை. யார் வென்றது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தொண்ணூறு நிமிடமும் நான் பந்தைப் பார்க்கவில்லை. ஒரு வலது குதிக்கால் நிலத்தில் எப்படிப் படுகிறது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.